துறைமுகத்துத் தாளம்: மணலி வயலினிலிருந்து லத்தீன் ஜாஸ் வரை

சென்னையில் பியானோ, கிடார், கீபோர்டு கற்றுக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மேடையேறித்தான் ஆக வேண்டும். சின்ன ஹால், வரிசையாகப் போட்ட நாற்காலிகள், முதல் வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் அப்பாக்கள். நிகழ்ச்சி நிரலில் பாக் இருப்பார், மொஸார்ட் இருப்பார். கொஞ்சம் பெரிய மாணவர்கள் முறை வரும்போது "லத்தீன் ஜாஸ்" என்று ஒரு அயிட்டம் எட்டிப் பார்க்கும். பெரும்பாலும் அது "ப்ளூ போஸா"வாக இருக்கும். டிரம்பெட் கலைஞர் கென்னி டோர்ஹாம் எழுதி 1963-ல் முதன்முதலாக ஒலிப்பதிவான பாடல் அது. மொத்தமே 16 பார்கள்தான். ஜாஸ் கற்க ஆரம்பிப்பவர்கள் உலகம் முழுக்க முதலில் கையில் எடுக்கும் பாடல்களில் ஒன்று.

மேடையில் அதை வாசிக்கும் மாணவர் ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்களில் சிலருக்கு உடனே ஒரு ஆச்சரியம் வரும். "அட, அந்தப் பக்கத்துப் பையனா?" வட சென்னை என்றால் கானா, கேரம், குத்துச்சண்டை, கால்பந்து என்று சினிமா நமக்குப் பாடம் எடுத்து வைத்திருக்கிறது. ஜாஸ், பியானோ எல்லாம் அண்ணா சாலைக்குத் தெற்கே இருக்கிற சமாச்சாரம் என்பது பலருடைய நினைப்பு.

வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. வெளிநாட்டு இசையை ஒரு தமிழ் மாணவர் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்ட மிகப் பழைய கதைகளில் ஒன்று, இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலியில்தான் தொடங்குகிறது. அந்த மாணவர் வாசிக்கும் லத்தீன் தாளமும் பணக்கார வீட்டு வரவேற்பறையில் பிறந்ததல்ல, ஒரு துறைமுகத்தில் பிறந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தால், "அந்தப் பக்கத்துப் பையனா?" என்ற கேள்வியே கொஞ்சம் வேடிக்கையாகத் தெரியும்.

முதலில் அந்தத் தாளம் என்ன என்று பார்த்துவிடுவோம். கியூபா இசைக்கு முதுகெலும்பாக இருப்பது "கிளாவே". இது ஒரு தாளக்கட்டின் பெயர், அதை அடிக்கப் பயன்படும் இரண்டு மரக்குச்சிகளின் பெயரும் அதுவே. 16 சின்ன மாத்திரைகளுக்குள் ஐந்தே ஐந்து அடிகள் விழும். அடிகளுக்கு நடுவே உள்ள தூரம் 3, 3, 4, 2, 4. மிருதங்கம் கற்றவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகாது: தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில், அட்சரத்துக்கு இரண்டு மாத்திரை வீதம் போட்டுப் பாருங்கள். கச்சிதமாக ஒரு ஆவர்த்தனத்தில் உட்காரும்!

பிரேசில்காரர்களின் போஸா நோவாவில் ஒரே ஒரு மாற்றம். கடைசி அடியை ஒரு மாத்திரை தள்ளிப் போடுவார்கள். அப்போது கணக்கு 3, 3, 4, 3, 3 என்று ஆகிவிடும். தகிட, தகிட, தகதிமி, தகிட, தகிட. ஒரு மாத்திரை நகர்ந்ததும் ஹவானாவின் ஆட்டம் ரியோவின் சோம்பலான தாலாட்டாக மாறிவிடுவதுதான் இதில் அழகு. மேலே சொன்ன "ப்ளூ போஸா"வுக்கு அடியில் ஓடுவது இந்த இரண்டாவது வகைதான்.

இந்த ஐந்து அடிகள் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கொண்டுவந்தது. கியூபாவில் அடிமை முறை 1886-ல்தான் முற்றாக ஒழிந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்த வேலைகளில் முக்கியமானது துறைமுகச் சுமைதூக்கும் வேலை. ஹவானா, மத்தான்சாஸ் துறைமுகங்களில் சரக்கு வந்து இறங்கிய காலி மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தட்டினார்கள். உப்புக்கண்ட மீன் வந்த பெட்டி கனத்த ஓசைக்கு, மெழுகுவர்த்தி வந்த சின்னப் பெட்டி மெல்லிய ஓசைக்கு. ஆப்பிரிக்க முரசுகளை அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. பெட்டியை யார் தடை செய்ய முடியும்? "கஹோன்" என்றால் ஸ்பானிய மொழியில் பெட்டி என்றுதான் அர்த்தம். கிளாவே குச்சிகளும் கப்பல் கட்டும் தளத்தில் பலகைகளை இணைக்கப் பயன்பட்ட கெட்டி மர ஆணிகளிலிருந்து வந்தவை என்பார்கள். இப்படிப் பெட்டியும் ஆணியுமாகப் பிறந்த இசைதான் ரும்பா.

இது ஜாஸோடு கலந்தது நியூயார்க்கில். அதில் இரண்டு பேரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஹவானாக்காரர்கள், ஆனால் எதிரெதிர் துருவங்கள். மரியோ பௌசா முறையாகக் கற்ற மாணவர். சிறுவயதிலேயே கிளாரினெட்டில் தேறி, ஹவானா பில்ஹார்மோனிக் குழுவில் வாசித்தவர். நியூயார்க் சென்று கறுப்பின ஜாஸ் குழுக்களில் டிரம்பெட் வாசித்து, பின்னர் மசீத்தோவின் குழுவுக்கு இசை இயக்குநரானார். அவர் 1943-ல் உருவாக்கிய "தாங்கா"வைத்தான் லத்தீன் ஜாஸின் முதல் படைப்பு என்று பலரும் சொல்கிறார்கள்.

இன்னொருவர் சானோ போஸோ. ஹவானாவின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், காங்கா முரசு வாசிப்பவர். நோட்ஸ் ஒரு வரி கூடப் படிக்கத் தெரியாது. பௌசா அவரை டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியிடம் அறிமுகம் செய்துவைத்தார். ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்க வேண்டும் என்று சானோ வாயாலேயே பாடிக்காட்ட, கில்லெஸ்பியும் கில் ஃபுல்லரும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். 1947 டிசம்பர் 30 அன்று பதிவான "மன்தேகா" அப்படிப் பிறந்தது. ஒரு வருடம் முழுதாக முடியவில்லை. 1948 டிசம்பரில் ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் சானோவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 33. அவர் பாடிக்காட்டிய அந்த அடிப்படையை இன்று இசைக் கல்லூரிகளில் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள்.

சரி, ஹவானாவிலிருந்து நம் கடற்கரைக்கு வருவோம். காலத்திலும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னைக்கு நெடுநாள் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நம் ஊர்ப் படகோட்டிகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். 1870-களில் ஆரம்பித்த முதல் செயற்கைத் துறைமுகத்தை 1881 நவம்பரில் வந்த புயல் நொறுக்கிவிட்டது. பிறகு மறுபடி கட்டி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருப்படியான துறைமுகம் வந்தது. ஆனால் துறைமுகம் வருவதற்கு வெகு முன்பே அந்தப் படகுகளில் வந்து இறங்கிய ஒரு முக்கியமான சரக்கு, வயலின்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். துபாஷி என்றால் இரு மொழி தெரிந்த இடைத்தரகர், அந்தக் காலத்துச் சென்னையில் பெரிய செல்வாக்குள்ள வேலை. ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று போற்றப்படும் ராமசாமி தீட்சிதரைத் திருவாரூரிலிருந்து மணலிக்கு வரவழைத்து ஆதரித்தது இந்தக் குடும்பம்தான். முத்துக்கிருஷ்ணருக்குப் பிறகு அவர் மகன் வேங்கடகிருஷ்ணர் என்ற சின்னையா முதலியார் அந்த ஆதரவைத் தொடர்ந்தார். ராமசாமி தீட்சிதரோடு பிள்ளைகளும் வந்தார்கள். மூத்தவர்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். தம்பிகள் சின்னசாமி, பாலுசாமி.

சின்னையா முதலியாருக்குக் கோட்டையில் வெள்ளைக்காரர்களோடு பழக்கம் இருந்தது. கோட்டைக்குப் போகும்போது தீட்சிதர் சகோதரர்களையும் அழைத்துப் போவார் என்பதும், அங்கே பட்டாளத்து பாண்டு வாசிப்பதை அவர்கள் கேட்டார்கள் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கடைக்குட்டி பாலுசாமிக்கு (பிறப்பு 1786) அந்தப் புது வாத்தியத்தின் மேல் ஆசை வந்தது. முதலியார் ஒரு ஐரோப்பியரை ஏற்பாடு செய்துகொடுக்க, பாலுசாமி மூன்று வருடம் வயலின் கற்றார் என்று "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" சொல்கிறது. 1904-ல் எட்டயபுரத்தில் வெளியான அந்தப் பெரும் நூலை எழுதியவர் பாலுசாமியின் வாரிசான சுப்பராம தீட்சிதர். ஆகவே இது வீட்டு ஆட்கள் சொன்ன சாட்சியம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேதம், வீணை, சாஸ்திரம் என்று வாழ்ந்த ஒரு குடும்பத்துப் பையன், கடல் கடந்து வந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து, வில்லைப் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறான். அவனுக்கு அது அந்நிய இசை. மொழி அந்நியம், ராகம் என்ற சங்கதியே அதில் கிடையாது. நம் "ப்ளூ போஸா" மாணவரின் நிலைமையும் இதேதான், இடையில் இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன, அவ்வளவே!

அண்ணன் சும்மா இருக்கவில்லை. காதில் விழுந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் முத்துசாமி தீட்சிதர். ஏறத்தாழ 40 உருப்படிகள். எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்தவை. "நோட்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இவற்றுக்கு "நொட்டுஸ்வரம்" என்றே பெயர் வந்துவிட்டது. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு "சந்ததம் பாஹிமாம்" ஆயிற்று. குடியும் கூத்துமாகத் திரியும் அயர்லாந்து இளைஞர்களைப் பற்றிய ஒரு மெட்டு மதுரை மீனாட்சி மேல் துதியாக மாறியது. (அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!) இன்றைக்கும் கர்நாடக இசை கற்கும் குழந்தைகளுக்கு முதல் மேடையில் நொட்டுஸ்வரம் பாடக் கொடுக்கிறார்கள். ஐரிஷ் மெட்டைப் பாடுகிறோம் என்பது அந்தக் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

அண்ணன் மெட்டை எடுத்தார், தம்பி வாத்தியத்தை எடுத்தார். எது அதிக தூரம் பயணம் செய்தது என்று கேட்டால் சந்தேகமில்லாமல் தம்பியின் வயலின்தான். பாலுசாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். முத்துசாமி தீட்சிதரின் சீடரான தஞ்சை வடிவேலு வயலினைத் திருவிதாங்கூர் அரண்மனைவரை கொண்டுபோனார். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலினையே பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் கற்பனை செய்ய முடிகிறதா? தியாகராஜரும் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். அழைத்தது அவருடைய சீடர் வீணை குப்பையர். இன்றைய வரைபடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் அதே திருவொற்றியூர், அதே மணலி.

நொட்டுஸ்வரத்துக்கும் லத்தீன் தாளத்துக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பட்டாளத்து பாண்டு இசை கோட்டையிலிருந்து, அதாவது ஆள்பவனிடமிருந்து வந்தது. ரும்பா, மாம்போ இசைத்தட்டு வழியாகவும் சினிமா வழியாகவும் வந்தது. 1930-ல் நியூயார்க்கில் டான் அஸ்பியாசுவின் குழு பதிவு செய்த "வேர்க்கடலைக்காரன்" பாட்டு உலகம் முழுக்க ரும்பா பைத்தியத்தைக் கிளப்பியது. ஹாலிவுட் படங்களில் கார்மென் மிராண்டா தலையில் பழக்கூடையோடு ஆடினார். அந்தக் காலத்துச் சென்னையில் இந்த மாதிரி நடன இசையை நேரில் வாசிக்கத் தெரிந்த கைகள் எங்கே இருந்தன? பெருமளவு ஆங்கிலோ இந்தியர் வீடுகளில். ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை ஆகியவை அவர்கள் சேர்ந்து வாழ்ந்த பகுதிகள். காரணம் ரயில்வேயும் துறைமுகமும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது, பெரம்பூரில் பெரிய பணிமனை வந்தது. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நடனங்கள் நடக்கும், பாண்டு வேண்டும், வாசிக்க ஆள் வேண்டும். நோட்ஸ் பார்த்து வாசிக்கும் பழக்கம் சர்ச்சிலும் பள்ளியிலும் கிடைத்தது. 1947-க்குப் பிறகு இவர்களில் பல குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டன. தங்கியவர்களில் வாத்தியம் தெரிந்த சிலருக்குக் கோடம்பாக்கம் வழிவிட்டது.

கோடம்பாக்கத்தில் இந்தத் தாளத்துக்குக் கதவைத் திறந்தவர் சி.ஆர். சுப்பராமன். 1924-ல் பிறந்தவர், இளம் வயதிலேயே எச்.எம்.வி. நிறுவனத்தில் ஆர்மோனியக் கலைஞராகச் சேர்ந்தவர். தென்னிந்திய சினிமாவுக்கு லத்தீன் அமெரிக்கத் தாளங்களை அறிமுகப்படுத்தியவர் என்று இசை வரலாற்றாளர்கள் இவரைத்தான் சொல்கிறார்கள். 1952 ஜூன் 27-ல் இறந்தபோது வயது வெறும் 28. கையில் "தேவதாஸ்" உட்பட முடிக்காத படங்கள் இருந்தன. முடித்துக்கொடுத்தவர்கள் அவரிடம் உதவியாளர்களாக இருந்த எம்.எஸ். விஸ்வநாதனும் வயலின் கலைஞர் டி.கே. ராமமூர்த்தியும். குரு எழுதாமல் விட்ட பக்கங்களை மாணவர்கள் எழுதியது போல. (சானோவும் சுப்பராமனும் ஏறக்குறைய ஒரே காலத்தில், இளமையிலேயே போனவர்கள் என்பது தற்செயல்தான், ஆனாலும் மனதை என்னவோ செய்கிறது.)

விஸ்வநாதன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்து, படக் கம்பெனியில் எடுபிடிப் பையனாகத் தொடங்கி, ஆர்மோனியப் பெட்டி வழியாக மேலே வந்தவர். குருவிடம் கற்ற லத்தீன் பாடத்தை அவர் ஊரறிய ஒப்பித்துக் காட்டிய நாள் எது என்று கேட்டால், 1964 டிசம்பரில் வெளியான "சர்வர் சுந்தரம்" படத்தைச் சொல்லலாம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், கே. பாலசந்தர் கதை, நாகேஷ் கதாநாயகன். அதில் வாலி எழுதிய "அவளுக்கென்ன" பாடல் வருகிறது. ஒரு சினிமாப் பாட்டு எப்படி உருவாகிறது என்று காட்டும் காட்சி. மைக் முன்னால் டி.எம். சௌந்தரராஜனே நிற்பார். கோட் சூட்டோடு விஸ்வநாதனே வாத்தியக் குழுவை நடத்துவார். பாங்கோ ஓய்வில்லாமல் ஓட, ஊதுவாத்தியங்கள் இடையிடையே வெட்ட, நாகேஷின் கால்கள் அந்த வெட்டுகளின் மேலேயே நடக்கும்.

தமிழில் ஒரு இசை மாணவர் லத்தீன் இசையை மேடையேற்றிய காட்சி ஒன்று படச்சுருளில் பதிவாகியிருக்கிறது என்றால் இதுதான். வழக்கமாகத் திரைக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக்காரர்கள் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்க்கும் அபூர்வ வாய்ப்பு. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படங்களின் டைட்டிலில் பாடகர் பெயர் வரும், பாடலாசிரியர் பெயர் வரும், உதவியாளர்கள் பெயர் கூட வரும். பாங்கோ வாசித்தவர் பெயர்? டிரம்பெட் ஊதியவர் பெயர்? அந்தக் காலத்தில் அது வழக்கமே இல்லை. கால்ஷீட்டுக்கு வந்தார்கள், வாசித்தார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். இசைத்தட்டு உறையிலும் அவர்கள் இல்லை. தமிழ் சினிமா இசையை ரசிகர்கள் இவ்வளவு கொண்டாடியும், இந்த ஒரு கணக்கு இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை. பழைய ரசிகர்கள் சிலர் அந்தப் பாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முகங்களுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பின் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1960-களின் இறுதியில் சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து லண்டன் டிரினிடி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதினார். தேர்வு, கிரேடு, சான்றிதழ் என்ற வழி நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகமானதில் அவர் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. கடம் வித்வான் விக்கு விநாயகராம் 1991-ல் "பிளானட் டிரம்" இசைத்தட்டில் போர்ட்டோ ரிக்கோவின் காங்கா மேதை ஜொவானி ஹிடால்கோவோடு வாசித்தார். அதற்கு அடுத்த ஆண்டு கிராமி விருது கிடைத்தது. மண்பானையும் காங்காவும் எதிரெதிரே உட்கார்ந்தபோது யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தகிட தகிட தக என்ற 3, 3, 2 இரண்டு ஊருக்கும் சொந்தம்.

இனி மறுபடி ராயபுரம். ஹவானாவில் சுமைதூக்கிகள் பெட்டியைத் தட்டியது போல இங்கே துறைமுகத்திலும் மில்லிலும் ரயில்வேயிலும் உழைத்தவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது. அதுதான் கானா. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடும் மரண கானா அதில் முக்கியமான வகை. டோலக் கிடைத்தால் டோலக், இல்லாவிட்டால் பெஞ்சு, தகர டப்பா, எதுவும் வாத்தியம்தான். பிறந்த விதத்தில் ரும்பாவுக்கும் கானாவுக்கும் அவ்வளவு ஒற்றுமை. வளர்ந்த விதத்தில்தான் வழி பிரிந்தது. ரும்பாவுக்கு ஒரு மரியோ பௌசா கிடைத்தார், கல்லூரிகள் கிடைத்தன, 2016-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. கானாவுக்கு நெடுநாள் கிடைத்தது கேலியும், சினிமாவில் ஒரு குத்துப்பாட்டு ஒதுக்கீடும். 2006-ல் "சித்திரம் பேசுதடி" கானா உலகநாதனையும், 2012-ல் "அட்டகத்தி" கானா பாலாவையும் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனபோதுதான் பாடுகிறவர்களின் பெயராவது வெளியே தெரிந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தண்டையார்பேட்டை மாணவர் ஒருவர் தேர்வுக்காக ஹவானா துறைமுகத் தொழிலாளர்களின் தாளத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்துப் பயிற்சி செய்வார். அதே நேரத்தில் அவர் தெருவில் ஒரு சாவு வீட்டில் இந்தத் துறைமுகத்தின் தாளம் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குக் கிரேடு கிடையாது, சான்றிதழ் கிடையாது. லத்தீன் ஜாஸ் வாசிக்கக் கூடாது என்பதல்ல பேச்சு, பாலுசாமி வயலினைத் தொடாமல் இருந்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம். ஆனால் இரண்டில் எது "படிப்பு", எது "சத்தம்" என்று யார் முடிவு செய்தது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. பெட்டிகளும் இப்போது அங்கே இல்லை. சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது, 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் திறந்துவிட்டது. சரக்கு இரும்புக்குள் பூட்டி வருகிறது, கிரேன் தூக்குகிறது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு முதல் கச்சேரி நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. வட சென்னையில் வளர்ந்த கானா பாடகி இசைவாணி அதில் பாடினார் (2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர்). சாவு ஊர்வலத்தில் மட்டும் பலர் பார்த்திருந்த சட்டியும் கட்டமோளமும் அன்று கிடாருக்கும் டிரம்ஸ் செட்டுக்கும் பக்கத்தில், அதே மேடையில், அதே விளக்கு வெளிச்சத்தில் நின்றன. குழுவினர் பட்டியலில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எதிரே அதை வாசிப்பவரின் பெயர் போட்டிருந்தது. சட்டிக்கு ஒருவர், கட்டமோளத்துக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர், பறைக்கு ஒருவர்.